நீலத் தொட்டி

கரண்ட் போயிற்று. காற்றடிக்கும் மோட்டார் ஒரு முக்கு முக்கி நின்றது. கண்ணாடித் தொட்டிகளில் சரம் சரமாக ஏறிக்கொண்டிருந்த குமிழிகள் அறுந்துபோக, கொட்டகை திடீரென்று ஊமையாகிவிட்டது. தகரக் கூரையின் வெக்கை தாங்காமல் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். பச்சையம்மா போகவில்லை. மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்த அலுமினியத் தூக்கை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே மத்தியானச் சோறு இல்லை. நீலம் இருந்தது.

மயில் கழுத்து நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதன் அழகைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசித் தொட்டியின் மேல் விளிம்பில் தூக்கைச் சாய்த்தாள். நீலம் தண்ணீருக்குள் புகைபோல இறங்கி, சுருண்டு, விரிந்து, காணாமல் போனது. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட வண்ணாத்தி மீன்கள் அந்தப் புகைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்தன. தூக்கைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு முறை அலசி, கவிழ்த்து, பழைய இடத்தில் வைத்தாள்.  

“இன்னாம்மே, உள்ளயே வெந்துக்கினு கீற? வெளிய வா, காத்தாவது வாங்கு” என்று கெங்கம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். அவளும் மீன்களுக்குத் தீனி போடுகிறவள்தான்.

“வரேன்க்கா” என்றாள் பச்சையம்மா.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆதிநாராயணனுக்கு முதலில் இருந்தது முலாம் பட்டறை மட்டும்தான். சைக்கிள் மணி, டார்ச்சு லைட்டின் மூடி, பித்தளைக் குழாய் எல்லாம் மங்கலாக உள்ளே போய்ப் பளபளவென்று வெளியே வரும். கடல் மீனை அழகுக்கு வளர்க்கும் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், விமானத்தில் அனுப்பலாம் என்று யாரோ அவர் காதில் போட, பட்டறைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கொட்டகை போட்டார். தெற்கே மண்டபம் கடற்கரையிலிருந்து ரயிலில் பாலிதீன் பைகளில் மீன் வரும். பழவேற்காட்டு முகத்துவாரத்திலிருந்து லாரியில் டிரம் டிரம்மாகக் கடல் தண்ணீர் வரும். வந்த மீனை அப்படியே ஏற்றிவிட முடியாது. நோய் இருக்கிறதா என்று பார்த்து, மருந்து போட்டு, தனியே வைத்திருந்துதான் அனுப்பவேண்டும். அந்தத் தனித் தொட்டிகளுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. யார் வாயிலும் நுழையவில்லை. தொத்துநோய் ஆஸ்பத்திரி பட்டணத்தில் தண்டையார்பேட்டையில் இருப்பதால் கெங்கம்மாள் அதற்குத் தண்டையார்பேட்டை என்று பெயர் வைத்தாள். இப்போது முதலாளியே அப்படித்தான் சொல்கிறார்.

வந்த மீன்களின் உடம்பில் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி இருக்கும். “மீனுக்கு அம்மா வார்த்துகீறா. வேப்பலை கட்டுங்கடி” என்பாள் கெங்கம்மாள். வேப்பிலைக்குப் பதில் மயில்துத்தம், நீல நிறச் செம்பு உப்பு. மெட்ராஸ் மருந்துக் கடையிலிருந்து வரும் சுத்தமான துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, மேஸ்திரி சுப்பிரமணி பாட்டில் மூடியால் அளந்து ஊற்றுவான். குறைந்தால் நோய் போகாது, கூடினால் மீன் போய்விடும். அதற்கு மேல் பச்சையம்மாவுக்குத் தெரியாது. அந்த ஒன்று தெரிந்தால் அவளுக்குப் போதும்.

பக்கத்துப் பட்டறையிலும் மயில்துத்தம் உண்டு. அது இந்தப் பாட்டில் மூடி வேலை இல்லை. ஆள் படுக்கிற நீளத்துக்குத் தொட்டி, அது நிறைய நீலம், அதில் ஆசிட்டும் சேர்ந்திருக்கும். பித்தளைச் சாமானைக் கொக்கியில் மாட்டி இறக்கினால் செம்பு ஏறும். அந்த நீலத் தொட்டியில் வேலை பார்த்தவன்தான் அவள் புருஷன் தேசப்பன்.

ஒரு நாள் காலையில் கொக்கி நழுவியது. கொத்தாகச் சாமான் தொட்டிக்குள் விழுந்தது. தெறித்த நீலம் நேராகத் தேசப்பனின் இரண்டு கண்ணிலும். குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போது பட்டறையில் அவன் பக்கத்தில் வேலை பார்த்த சுப்பிரமணிதான் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிவந்து முகத்தில் கொட்டினான். பிரயோசனப்படவில்லை. கண் இரண்டும் அவித்த முட்டைபோல ஆயிற்று.

விசாரிக்க அதிகாரி வந்தபோது ஆதிநாராயணன் ஒரு வார்த்தைதான் சொன்னார். “வார்னிஷ் குடிச்சிருக்கான் சார்.”

மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். சாராயம் கிடைக்காதவர்கள் மரத்துக்குப் பூசுகிற வார்னிஷை வடிகட்டிக் குடித்தார்கள். செத்தவர்கள் போக மிஞ்சியவர்களுக்குக் கண் போயிற்று. அந்த மாதம் தாலுகா முழுக்க அதே பேச்சு. ஆகவே அந்த ஒரு வார்த்தை, பூட்டில் சாவி போல, பொருந்திவிட்டது. தேசப்பன் சாமான் வைக்கும் மரப்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலும் கிடைத்தது. எப்படிக் கிடைக்காமல் போகும்? சுப்பிரமணியைக் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் பாக்கல சார்” என்றான்.

அவர்கள் இருந்த குப்பத்தில் தேசப்பனுக்குப் பெயரே வார்னிஷ் என்றாகிவிட்டது. ஏரிக்கரையில் அவன் தடவித் தடவிப் போகும்போது, “வார்னிஷ் வருது, வழி வுடு” என்று கத்துவார்கள். அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று போனான். அந்தக் குப்பத்தில் சத்தியம் செய்கிறவன் அம்மன் கண்ணைப் பார்த்துச் செய்யவேண்டும். பார்க்காமல் செய்தால் அது செல்லாது. ஊர் நியாயம் பேசும் பெரிய தனக்காரர், “உனுக்குத்தான் கண்ணு இல்லியேப்பா” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது.

இதெல்லாம்கூடப் பச்சையம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, தன் வாயிலிருந்தே அது வந்து விழுந்தது. “நெஜமாவே குடிச்சியா?”

தேசப்பன் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். அதற்கு முன்பெல்லாம் அவளைப் ‘பச்ச’ என்றுதான் கூப்பிடுவான். அந்த நாளிலிருந்து கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தரையில் தட்டுவான்.

அந்தக் கேள்வியைத் தன் வாயில் வைத்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அவன் வாயிலிருந்தே அதை எடுக்க வேண்டும்; எப்படி என்றுதான் தெரியவில்லை. ஆதிநாராயணன் தருமம் செய்வதுபோல, “குடிகாரன் பொண்டாட்டி, பாவம்” என்று மீன் கொட்டகையில் வேலை கொடுத்தபோது, கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். கும்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டாள். தினமும் சுண்ணாம்புக்குளம் பஸ்ஸில் வந்தாள். மீனுக்குத் தீனி போட்டாள், கண்ணாடி துடைத்தாள், காத்திருந்தாள்.

மெட்ராஸிலிருந்து துளசிராமன் என்கிற ஏஜெண்ட் வருகிறார், கடைசித் தொட்டி மீன்களைப் பார்த்துப் பிடித்துப்போனால் வருஷம் முழுக்க இந்தக் கொட்டகை மீன்தான் ஏறும் என்று பேச்சு அடிபட்டது. முதலாளி தொட்டிக்குத் தொட்டி நின்று மீனைக் கொஞ்சினார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார். அன்று பச்சையம்மா பட்டறைப் பக்கம் குப்பை கொட்டப் போகிற சாக்கில் போனாள். நீலத் தொட்டியில் தூக்கை முக்கினாள். அத்தனையும் செத்து, வயிறு மேலாக மிதக்க வேண்டும். அப்போது முதலாளி மூஞ்சியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம்.

ஆனால் மறுநாள் காலை மீன்கள் சாகவில்லை.

முதலில் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. தொட்டியில் எல்லாம் நீந்திக்கொண்டுதான் இருந்தன. தீனியைத் தூவினாள். ஒன்றும் வரவில்லை. வழக்கமாக அவள் நிழல் பட்டாலே மேலே வந்து வாயைப் பிளக்கும் மீன்கள். ஒன்று நேராக வந்து கண்ணாடியில் மோதியது. பின்வாங்கி, திரும்பவும் அதே இடத்தில் மோதியது. இன்னொன்று, சுவரை ஒட்டி, உடம்பால் தடவித் தடவி ஊர்ந்தது. அந்த நடை அவளுக்குத் தெரிந்த நடை. குனிந்து பார்த்தாள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே, கண் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளை.

 பயம் வரும் என்று நினைத்தாள். இல்லை. பசித்தவன் முன்னால் இலை போட்டதுபோல இருந்தது.

தொட்டியின் வெளி விளிம்பில், நேற்று சிந்திய சொட்டு ஒன்று காய்ந்து நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியை எடுத்தாள். துடைக்கப் போன கை நின்றது. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இருக்கட்டும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

துளசிராமன் வந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, அதிகம் பேசாதவர். ஆதிநாராயணன் இளநீரை நீட்டினார். அவர் வாங்கித் தொட்டி மேல் வைத்துவிட்டு மீனைப் பார்த்தார். பிறகு சட்டை நனையக் கையை உள்ளே விட்டு ஒரு மீனை அள்ளினார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார்.

“குருடு” என்றார். இன்னொன்றை எடுத்தார். “இதுவும்.”

ஆதிநாராயணன் சிரித்தபடியே நின்றார். முகத்துக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

“கண்ணுக்குள்ள போற நோய் இது. தொத்தும்” என்றார் துளசிராமன். “இந்தத் தொட்டி மட்டுமில்ல, இந்தக் கொட்டகையிலேர்ந்தே இனி ஒரு மீனும் ஏத்த முடியாது. நான் எழுதிக்கொடுத்தா மத்தவங்களும் வாங்கமாட்டாங்க.”

“நோயில்ல சார்.”

“அப்ப என்ன?”

ஆதிநாராயணனின் கண் தொட்டியைச் சுற்றி ஓடியது. விளிம்பில் ஒட்டியிருந்த நீலத்தில் வந்து நின்றது. விரலால் சுரண்டினார். நாக்கில் வைத்துத் துப்பினார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பச்சையம்மா தீனி டப்பாவைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வலையில் கால் வைக்கிற கொக்குக்கு அப்படித்தான் நிம்மதியாக இருக்கும்.

“துத்தம் சார். மருந்து கூடிப்போச்சு, அவ்வளவுதான்.”

“மருந்து எல்லாரும்தான் போடறாங்க. கூடினா சாகும். நானும் பாத்திருக்கேன். இப்படிக் கண்ணு மட்டும் போனதில்ல.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. பட்டறைக்காரர்கள் கறுத்த கைகளோடு வாசலில் நின்றார்கள். அவர்களில் குப்பத்து ஆள் துலுக்காணமும் இருந்தான். ஆதிநாராயணன் குரலை உயர்த்தினார். வியாபாரத்தில் நம்பவைக்கிற குரல் அது.

“இது கடைத் துத்தம் இல்ல சார். பட்டறைத் துத்தம். ஆசிட் சேர்ந்தது. எவனோ மாத்தி எடுத்து ஊத்தியிருக்கான். ஒரு சொட்டு கண்ணுல பட்டா போதும், வெள்ளையா வெந்துடும், திரும்பவே திரும்பாது. நோய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் கண்ணால பாத்திருக்கேன் சார், அதனாலதான் இவ்வளவு உறுதியா சொல்றேன்.”

“எங்க பாத்தீங்கோ மொதலாளி?”

சத்தமாகக் கேட்கவில்லை. மீனுக்கு என்ன தீனி போடட்டும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள் பச்சையம்மா. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

ஆதிநாராயணன் இளநீரை எடுத்துத் துளசிராமன் பக்கம் மறுபடி நீட்டினார். 

“இல்ல, கேக்கறேன். கண்ணு வெள்ளையா வெந்துச்சே, அது யாருக்குன்னு” என்றாள். பிறகு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். “எனுக்கின்னாவோ இதுங்கோ வார்னிஷ் குடிச்சிருக்கும்னு தோணுது. நல்லா தேடிப் பாருங்கோ. பாட்டிலு எங்கனா கெடக்கும்.”

யாரோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு வாசலிலிருந்து பின்னால் நின்றவர்களுக்குப் போயிற்று, பிறகு சட்டென்று அடங்கியது. அடங்கிய பிறகுதான் அது ஆதிநாராயணனைச் சுட்டது. “அது வேற, இது வேற” என்றார். துளசிராமன் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அவருக்கு எதுவும் விளக்கவில்லை. துலுக்காணம் மட்டும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “ஒண்ணும் வேற இல்லியே நைனா, அதே தொட்டிதானே” என்றான்.

பிறகுதான் ஆதிநாராயணனுக்கு உறைத்தது. பச்சையம்மாவை உச்சியிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். “நீதானா?” என்றார். “நீதானே ஊத்தினது?”

“நான் தீனி போடறவோ மொதலாளி. துத்தம் என் வேலையில்ல.”

“சுப்பிரமணி, நேத்து கரண்ட் போனப்ப இவ எங்க இருந்தா? நீ வாசப் பக்கம்தானே உக்காந்திருந்தே?”

சுப்பிரமணி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில், அவன் பார்த்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. மூலையில் துணிக்கடியில் இருந்த தூக்கை நோக்கி அவன் கண் ஒரு நொடி போய்த் திரும்பியது.  அவன் தரையைப் பார்த்தான்.

“நான் பாக்கல மொதலாளி” என்றான்.

அன்றே பச்சையம்மா, சுப்பிரமணி இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. துளசிராமன் இளநீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். நோய் இல்லை என்று நம்பினாரோ இல்லையோ, தெரியாது. குருட்டு மீன்களைக் கால்வாயில் கொட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கெங்கம்மாள் வாளியில் அள்ளும்போது, “எனுக்கு ஒண்ணு குடுக்கா” என்றாள் பச்சையம்மா.

“கொயம்பு வைக்கவா? சீக்கு மீனும்மே.”

“வைக்க இல்ல. சும்மா.”

தூக்கில் கடல் தண்ணீர் நிரப்பி ஒன்றை விட்டாள். எதற்கென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. தேசப்பனிடம் கொடுக்க வேண்டும். இதோ பார், சாட்சி, என்று. பஸ்ஸில் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு வந்தாள். குலுங்கும்போதெல்லாம் உள்ளே அது டொக்கென்று மோதுவது தொடையில் தெரிந்தது.

அவள் வருவதற்குள் துலுக்காணம் சைக்கிளில் முன்னால் போய் ஊருக்கே சொல்லியிருந்தான். பஸ் நிற்கும் இடத்து டீக்கடைக்காரர், தேசப்பனைப் பார்த்தால் வார்னிஷ் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லியிராதவர், கடையைவிட்டு இறங்கி வந்தார். “தேசப்பன் ஊட்டம்மா தானே? ஒரு டீ குட்ச்சிட்டுப் போம்மா” என்றார். தேசப்பன் ஊட்டம்மா. அவள் டீ குடிக்கவில்லை. அந்தப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தாள். நிமிர்ந்த நடை நடந்தாள். எதிரே வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தேசப்பன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் இப்போது அவன் பிழைப்பு. விரல்களெல்லாம் ஊறி வெளுத்து, நுனியில் கீறல் கீறலாக இருந்தன. சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினான்.

“பச்ச?”

அவள் நின்றுவிட்டாள். 

“துலுக்காணம் வந்துட்டுப் போனான்” என்றான். “மொதலாளி அவன் வாயாலயே சொன்னானாமே.”

“சொன்னான்யா. ஊர் பூரா நின்னு கேட்டுச்சு.”

“மீனு வார்னிஷ் குட்ச்சிதான்னு கேட்டியாமே.” அவன் சிரித்தான். சிரிப்பு அவன் முகத்துக்கு மறந்துபோயிருந்தது. ஒரு பக்கமாகத்தான் வந்தது. “வாய்டி உனுக்கு.”

அவள் உள்ளே போய் விளக்கேற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கை அவன் மடியில் வைத்து, அவன் கையை எடுத்து உள்ளே விட்டாள். “அதுல ஒண்ணு. உனுக்குன்னு கொணாந்தேன்.”

தேசப்பன் கையை அசைக்காமல் வைத்திருந்தான். மீன் வந்து விரலில் மோதியது. விலகியது. மறுபடியும் வந்து மோதி, விரலை ஒட்டி உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஏரிச் சேற்றில் இறாலை எழுப்பாமல் தொடுகிற மாதிரி, அவன் சுட்டுவிரல் அதன் தலையைத் தேடி, கண்ணைத் தேடிப் போயிற்று.

“மொதல்ல எரியும்” என்றான். “அப்புறம் ஒண்ணும் இருக்காது.”

கையை வெளியே எடுக்கும்போது புறங்கை தூக்கின் உட்சுவரில் பட்டது. எடுத்த கையை அவன் திரும்ப உள்ளே விட்டான். விரல்கள் சுவரைத் தடவின. மேலிருந்து கீழே, பிறகு வட்டமாக. அலுமினியம் வழவழவென்று இருக்கவேண்டும். அங்கே சொரசொரவென்று ஏதோ படிந்து, ஓரிடத்தில் அரித்து, பொரிந்திருந்தது. நகத்தால் சுரண்டி விரலை மூக்குக்குக் கொண்டுபோனான்.

பச்சையம்மா அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். உட்பக்கம் முழுவதும், நீலம் நின்ற மட்டம் வரைக்கும், துருப்போலச் செக்கச்செவேல் என்று இருந்தது.

“செம்பு ஏறிகீது” என்றான் தேசப்பன்.

அவள் தூக்கின் மூடியைத் தேடினாள்.

தூரத்தில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். தேசப்பா, ஏய் தேசப்பா, என்று. அவன் திரும்பவில்லை.

“நெஜமாவே நீ ஊத்துனியா?”

அவன் குரலில் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. அன்று சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டபோது, அவள் குரலிலும் கோபம் இருக்கவில்லை.

“இல்லய்யா” என்று சொல்ல வாயெடுத்தாள்.

“அம்மன் கண்ணு வோணாம்” என்றான் தேசப்பன். முகத்தை அவள் மூச்சு வந்த பக்கமாகத் திருப்பினான். “எங்கண்ணப் பாத்துச் சொல்லு.”

அவள் பார்த்தாள். இரண்டு வெள்ளைகள். இரண்டிலும் விளக்கின் சுடர் சின்னதாக நின்று ஆடியது. அவன் மடியில் தூக்குக்குள், செம்பு பூத்த சுவரில், மீன் வந்து மோதியது. திரும்பிப் போய், மறுபடியும் அதே இடத்தில் வந்து மோதியது.